நான்காவது கோபுரம்

சைரனுக்கும் எண்ணெய் போட வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினால் தானாகக் கத்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் கோபுரத்தின் உச்சியில் கிடக்கிற பொருள் அது. கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும், குழாய்க்குள் பறவை கூடு கட்டும், தேவைப்படும் நேரத்தில் இருமல்காரன் மாதிரி இரண்டு முறை கமறிவிட்டு நின்றுபோகும். என் பொறுப்பில் இருந்த நான்கு சைரன்களில் ஒன்றுகூட அப்படி நின்றதில்லை. மாதா மாதம் நானே ஏணியில் ஏறிப் பார்ப்பேன். இதை முதலில் சொல்லக் காரணம், நேற்று விசாரணையில் உங்கள் உதவியாளர் "மெஷின் ரிப்பேரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஏதோ எனக்கு உதவி செய்ய நினைத்தார் போலிருக்கிறது. ரிப்பேர் இல்லை, மேடம். நான்காவது கோபுரத்தின் சைரன் மிக நல்ல நிலையில் இருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நகராட்சியில் வெள்ள எச்சரிக்கைப் பிரிவின் அலுவலர் நான். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை, சுவரில் ஊரின் வரைபடம், அதன் கீழே பொத்தான் பலகை, இரண்டு தொலைபேசி, ஓயாமல் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. ஆட்கள் என்று பார்த்தால் நானும் 'வானொலி'யும். தொலைபேசி எடுப்பதற்காக வைத்திருந்த ஊழியர் அவர். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். அவருடைய மாமியார் சண்டையிலிருந்து ஊரின் சாக்கடை அடைப்பு வரை எல்லாச் செய்தியும் எனக்கு அவர் வழியாகத்தான் வரும். நல்ல மனிதர். அவருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கு மேலே, ஊரிலிருந்து சற்றுத் தள்ளி அணை இருக்கிறது. மழை கொட்டினால் மதகைத் திறப்பார்கள். திறக்கும் முன் எங்களுக்குச் சொல்வார்கள். நாங்கள் சைரன் ஒலிப்போம். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் ஊருக்குள் வருவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். எல்லோரும் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். என் அக்காவால்கூட முடியும்.

அக்காவுக்கு இடது கால் சிறு வயதிலேயே சூம்பிப்போனது. ஒரே காலால் மிதித்துத் தையல் மெஷின் ஓட்டினாள். ஆற்றோரம் கீழ்த்தெருவில் முன்னால் கடை, பின்னால் வீடு. அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. எனக்குச் சோறு ஊட்டியது, பள்ளியில் சேர்த்தது, நான் தேர்வில் தோற்றபோது அளவு நாடாவாலேயே விளாசியது எல்லாம் அவள்தான். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காலைப் பார்த்தார்கள். அவள் அவர்களின் சட்டையைப் பார்த்தாள். "காலர் இவ்வளவு கோணலா இருக்கு, இதைப் போட்டுட்டு என் காலைப் பத்திப் பேச வர்றாங்கடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு யாரும் வரவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதல் வெள்ளம் வந்த அன்று ஆற்றங்கரை மேட்டில் புதிய பூங்காவின் திறப்பு விழா. அமைச்சர் வருவதாக இருந்தது. மதியம் அணையிலிருந்து தொலைபேசி வந்தது. மேலே காட்டுப்பக்கம் பேய்மழை, மதகைத் திறக்கிறோம் என்றார்கள். அப்போதெல்லாம் சைரனை ஒலிக்க நகராட்சி ஆணையரின் உத்தரவு வேண்டும். ஆணையர் கீழே அமைச்சருக்காகக் காத்திருந்தார். நான் சொல்லி அனுப்பியதும் மாடிக்கு வந்தார். புதுச் சட்டை, நெஞ்சில் பட்டுப்பூ குத்தியிருந்தது.

"இப்ப இதை அடிச்சா மேடைக்கு முன்னாடி ஒருத்தன் நிப்பானா?" என்றார்.

"சார், தண்ணி கீழ்த்தெருவுக்கு வந்துடும்."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னே. முழங்கால்கூட நனையலை. சும்மா ஊரைக் கலவரப்படுத்தக் கூடாதுய்யா. அமைச்சர் வந்து ரிப்பனை வெட்டட்டும். அப்புறம் அடிச்சுக்க."

அவர் போகவில்லை. என்னை நம்பாததால்தானோ என்னவோ, பலகைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். "டேய், வாசல்ல தண்ணி ஓடுது. மழைத்தண்ணி மாதிரி தெரியலை, செம்மண்ணா இருக்கு. சைரன் அடிக்கலையே?" என்றாள். "அடிப்பாங்கக்கா, கொஞ்சம் பொறு" என்றேன். "சரி, நீ இருக்கேல்ல, பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். யாருக்கோ மறுநாள் கல்யாணம், துணிகள் முடியவில்லை. அந்த அவசரம் அவளுக்கு.

அமைச்சர் வந்தார், ரிப்பனை வெட்டினார். அதன் பிறகு சைரன் ஒலித்தது.

தண்ணீர் வடிந்ததும் நான்தான் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனேன். துணி வெட்டுகிற மேசைமேல் ஏறியிருந்தாள். அந்தக் காலோடு எப்படி ஏறினாள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கூரைக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த இடம் அவளுக்குப் போதவில்லை.

விசாரணை நடந்தது. யார்மேலும் தவறில்லை, எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று முடித்தார்கள். விழாவுக்குப் போனதால்தான் கீழ்த்தெருவில் பாதிப் பேர் பிழைத்தார்கள் என்று ஆணையர் தன் வாக்குமூலத்தில் சொன்னார். அது உண்மையும்கூட. நிவாரணப் பணியைச் சிறப்பாக நடத்தியதற்காக அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் கைதட்டினேன். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள்.

ஒரு நல்லதும் நடந்தது. விதியைத் திருத்தினார்கள். இனிமேல் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம், எச்சரிக்கை அலுவலரே முடிவெடுத்து ஒலிக்கலாம் என்று.

ஆணையரின் மனைவி என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார். தனியாகத்தான் வந்தார். அக்காவிடம் பல வருடமாகத் துணி தைக்கக் கொடுத்தவர். தரையில் உட்கார்ந்து, தன் ரவிக்கையின் கைமடிப்பைத் தடவிக்கொண்டே, "இது அவங்க தெச்சதுதாண்ணா. பிரிச்சுப் பாத்தாகூட உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்" என்றார். வேறு யாரும் அக்காவைப் பற்றி அவ்வளவு சரியாகப் பேசவில்லை. அன்றிலிருந்து என்னை அண்ணா என்றே கூப்பிட்டார். நானும் தடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆற்றங்கரையில் சுவர் எழுப்பி, அதன் பின்னால் நகராட்சியே ஒரு குடியிருப்பைக் கட்டியது. அழகான இடம். வரிசை வீடுகள், வாசலில் பூச்செடிகள், நடுவில் ஒரே ஒரு சாலை. ஆனால் வாங்க ஆள் இல்லை. வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. அதனால் ஆணையர் தானே அங்கே குடிபோனார். "நானே குடும்பத்தோட அங்கதான் இருக்கேன், உங்களுக்கென்ன பயம்?" என்று கூட்டங்களில் கேட்டார். ஜனங்கள் நம்பி வந்தார்கள். அவருடைய பிள்ளைகள் வெளியூரில் படித்ததால் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான்.

எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டீர்கள். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் அங்கே குடிபோகிறார் என்று வானொலி வந்து சொன்ன அன்று, எனக்கு வெகுநாள் கழித்து நன்றாகப் பசித்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது? அவர் நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், ஒரு கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

குடியிருப்புக்கு நான்காவது கோபுரம் வேண்டும் என்று எழுதிக் கேட்டது நான். நான்கு கோபுரங்களுக்கும் தனித்தனிப் பொத்தான் வேண்டும் என்று கேட்டதும் நான்தான். முன்பு எல்லாம் ஒரே பொத்தான். ஒரு பகுதிக்கு மட்டும் ஆபத்து என்றால் ஊர் முழுவதும் ஏன் ஓட வேண்டும் என்று விளக்கினேன். ஆணையருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "இதைத்தான்யா நான் அன்னிக்கே சொன்னேன், ஊரைக் கலவரப்படுத்தக் கூடாதுன்னு" என்று என் தோளில் தட்டினார்.

பிறகு ஒத்திகை நடத்தினேன். குடியிருப்பில் வீடு வீடாக நானே போனேன். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். முனை வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், எதிரே இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தம்பதி, அதற்கு அடுத்து காது கேளாத ஒரு பெரியவரும் அவர் மகளும். எல்லோருக்கும் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன். உங்கள் சாலை ஒன்றுதான், மற்றப் பகுதிக்காரர்களும் அதன் முனையைக் கடந்துதான் மேட்டுக்குப் போக வேண்டும். தூரத்தில் மற்ற சைரன்கள் கேட்டால் நீங்கள் வெளியே வரக் கூடாது, வழி அடைபட்டுவிடும். உங்கள் கோபுரம் ஒலித்தால் மட்டும் கிளம்புங்கள். அதுவரை வீட்டிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

யோசித்துப் பாருங்கள், தவறான அறிவுரை இல்லை. நெரிசலில் செத்தவர்களும் உண்டு.

ஆணையரின் மனைவி அதைத் தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தார். "நீங்க சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்" என்றார். அந்த இரட்டைக் குழந்தைகளுக்குச் சைரன் மாதிரி ஊளையிடக் கற்றுக்கொடுத்திருந்தார். இரண்டும் என்னைக் கண்டதும் ஊளையிட்டன. எல்லோரும் சிரித்தோம்.

அதன்பின் மழைக்காகக் காத்திருப்பதைத் தவிர எனக்கு வேலையில்லை. ஒரு மழைக்காலம் பொய்த்தது. அந்த ஆண்டு கொஞ்சம் சிரமமாக இருந்தது.

இரண்டாவது வெள்ளம் காலையில் வந்தது. ஆணையர் விடிந்ததும் அணைக்கே போய்விட்டார். அவரைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த முறை அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். மதகைத் திறக்கும் முன்பே அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார். "சுவர் தாங்காது போலிருக்குய்யா. எல்லாத்தையும் அடி. உடனே அடி" என்றார்.

"அடிச்சுட்டேன் சார். கேக்குதா?" என்று தொலைபேசியை ஜன்னலோரம் பிடித்தேன். மூன்று கோபுரங்களும் அலறிக்கொண்டிருந்தன. மூன்று ஒலிப்பதற்கும் நான்கு ஒலிப்பதற்கும் தொலைபேசியில் வித்தியாசம் தெரியாது.

"நல்லவேளை" என்றார்.

வானொலிதான் கவனித்தார். பலகையைக் காட்டி, "சார், நாலாவது விளக்கு எரியலையே?" என்றார்.

"பல்பு போயிருக்கும். சைரன் ஓடுது. நீங்க கீழே போய்ப் மீட்புப் படகை ஏத்தின வண்டி கிளம்பிருச்சான்னு பாருங்க."

"நான் வேணா ஒருதரம் அழுத்திப் பாக்கட்டுமா?"

"ஓடுறதை நிறுத்திடப் போறீங்க. போங்க."

போனார். நான் சொன்னால் கேட்டுப் பழகியவர். அன்றிலிருந்து அவர் யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். இல்லை. பொத்தானை அழுத்தினால்தானே கை வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உத்தரவு போட வேண்டியவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. உடம்பில் ஒன்றுமே நடக்காது.

கொஞ்ச நேரத்தில் ஆணையரின் மனைவி கூப்பிட்டார்.

"அண்ணா, மத்த இடத்துல எல்லாம் சைரன் கேக்குது. எங்களது அடிக்கலை. சுவத்துக்குக் கீழே தண்ணி கசியுற மாதிரி இருக்கு. எதிர்வீட்டுப் பொண்ணு குழந்தைங்களைத் தூக்கிட்டுக் கிளம்பறேங்குது. என்ன சொல்லட்டும்?"

"உங்களது அடிக்கலைன்னா பயமில்லைம்மா. வெளிய வராதீங்கன்னு சொல்லுங்க. ரோட்டுல நெரிசல்."

"அவர்கிட்ட கேக்கலாம்னா ஃபோன் எடுக்கலை."

"நான் இருக்கேன்லம்மா."

"சரிண்ணா" என்றார். அவர் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, உள்ளே போகச் சொல்வது தொலைபேசியில் எனக்குக் கேட்டது. வைக்கும் முன்பு, "நீங்க மாடியிலதானே இருக்கீங்க? அங்கேயே இருங்க, கீழே இறங்காதீங்க" என்று என்னிடம் சொன்னார்.

சுவர் நடுவில் உடைந்தது. அதற்குப் பிறகு சைரன் ஒலித்திருந்தாலும் பயனிருந்திருக்காது. அப்போது நான் நான்காவது பொத்தானையும் அழுத்தினேன். கருவி வேலை செய்கிறது என்று பதிவாக வேண்டும் அல்லவா.

மாலையில் ஆணையர் மாடிக்கு வந்தார். இடுப்பு வரை சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. தன் வீட்டுக் கதவை அவரே உடைத்திருந்தார். கையில் கீறல்கள் இருந்தன. அந்தக் கணத்துக்காக நான் ஒரு வாக்கியத்தை எவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்தேன் தெரியுமா? முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருக்கிறேன். குரல் உயரக் கூடாது, பணிவாக இருக்க வேண்டும் என்று.

"நாலாவதை ஏன்யா முன்னாடியே அடிக்கலை?" என்றார்.

"ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம்னு பாத்தேன் சார்."

அவருக்குப் புரிந்தது. அது முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன். என் மேல் பாய்வார், கழுத்தைப் பிடிப்பார், அல்லது காலில் விழுந்து அழுவார் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் நான் தயாராக இருந்தேன். அவர் அன்று உட்கார்ந்த அதே பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, சண்டைக்கு வருகிற குரலில் இல்லை, ஏதோ தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"அன்னிக்கு உனக்கு நான் சொன்னேன். இன்னிக்கு உனக்கு யாருய்யா சொன்னா?"

அது பதில் சொல்லும்படியான கேள்வி இல்லை. அவர் எப்போதுமே பேச்சை வேறு பக்கம் திருப்புகிறவர். விசாரணையின்போதும் அப்படித்தான் செய்தார். நீங்களும் காலையிலிருந்து அதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறீர்கள். அன்று அக்காவிடம் மட்டுமாவது கிளம்பு என்று சொல்லியிருக்கலாமே, ஒரு சொல்தானே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மேடம். நான் அரசு ஊழியன். அந்த அறையில் இருந்திருந்தால் உங்களுக்குப் புரியும்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னைத் தூண்டவில்லை. போதையிலோ மனக்குழப்பத்திலோ செய்யவில்லை. ஆணையரின் மனைவி அந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தே, தண்ணீர் வருகிறது என்று தெரிந்தே, நான்காவது கோபுரத்தை ஒலிக்காமல் விட்டேன். என்ன செய்யலாம் என்று கேட்டவரை என் வாயாலேயே நிறுத்தினேன். அவரைக் கொன்றது நான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் இந்தத் தாளில் பதினான்கு பேர் என்று இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. என் கணக்கில் ஒருவர்தான். மற்ற பதின்மூன்று பேருக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை, அந்தக் குழந்தைகள் என்னைக் கண்டால் சிரிக்கும். அவர்களை ஆற்றங்கரையில் கொண்டுவந்து குடிவைத்தவர் ஆணையர். ஊர்மக்களின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. அந்தப் பதின்மூன்று பேரைப் பற்றி அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.